நாடா வெட்டும் வரை

மாக்கிறேற்றுக்கு ஏழு வருடமாக அடிவயிற்று நோவு. மூத்திரம் முட்டினால் ஐந்து நிமிடம் தாங்காது. யாழ்ப்பாணத்தில் இதற்கு வைத்தியம் இருந்தது: கணுக்காலில் மெல்லிய ஊசி ஏற்றி, அரைமணி நேரம் சிறிது மின்சாரம் விட்டு, மூத்திரப்பையை ஆளும் நரம்பைப் பழக்குவார்கள். வாரம் ஒருமுறை, பன்னிரண்டு வாரம். ஆனால் நெடுந்தீவிலிருந்து கரைக்கு ஒரு மணித்தியாலப் படகு. ஏறும் படகில் கக்கூஸ் இல்லை. ஆக, மூத்திரத்தை அடக்கத் தெரிந்தவர்களுக்கே அந்த வைத்தியம் கிடைத்தது.

கனடாவிலிருந்து ஊர்ச்சங்கத் தலைவர் ஆரூரன் மெசினையே அனுப்பிவிட்டார். சங்கம் அதற்கு ஓர் அறை கட்டி, உள்ளே கக்கூசும் வைத்தது. திறப்புவிழாவன்று வாசலுக்குக் குறுக்கே சிவப்பு நாடா.

முதல் நோயாளி என்று மாக்கிறேற்றை முன்வரிசைக் கதிரையில் இருத்தினார்கள். ஒன்பது மணி விழா, கனடாவிலிருந்து வந்திருந்த தலைவரின் படகு பிந்தி, பத்தரைக்குத் தொடங்கியது. விளக்கேற்றல், ஆசியுரை, வரவேற்புரை, பொன்னாடை. போர்த்தியவருக்கும் ஒரு பொன்னாடை.

மாக்கிறேற் தாதி நிலாந்தினியின் கையைப் பிடித்தாள். "பிள்ளை, ஏலாது. உள்ளுக்குப் போகவேணும்."

நிலாந்தினி செயலாளர் கிளின்ரனிடம் ஓடினாள்.

"தலைவர் வெட்டமுதல் ஆரும் நாடாவைத் தாண்டுறதோ? கனடாச் சனம் கமெராவில நேரடியாப் பாக்குது. அஞ்சு நிமிசம் பொறுக்கச் சொல்லும்."

"பொறுக்க ஏலாதெண்டதுதானே அண்ணை வருத்தமே!"

"அப்ப இண்டைக்குப் பழகட்டும்."

அடுத்த கக்கூஸ் பனைவளவுக்கு அப்பால். மாக்கிறேற் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

"இன்றுமுதல் இந்தத் தீவில் எந்தத் தாயும் இந்த நோயால் வெட்கப்படத் தேவையில்லை!" என்றார் தலைவர் ஒலிவாங்கியில். பலத்த கைதட்டல். கமெரா முதல் நோயாளியின் பக்கம் திரும்பியது. அவள் முகத்தைக் காட்டியது. பிறகு மெதுவாகக் கீழே இறங்கியது. கதிரைக்குக் கீழே சீமெந்து நனைந்து கறுத்திருந்தது.

நாடா வெட்டுப்பட்டது. "வாங்கோ அம்மா, முதல் ஆளா!"

மாக்கிறேற் சேலையைப் பின்னால் இழுத்துப் பிடித்தபடி மறுபக்கம் நடந்தாள்.

அடுத்த கிழமை நிலாந்தினி வீட்டுக்கே போனாள். "அக்கா, கமெராவும் இல்லை, ஒருத்தரும் இல்லை. வாங்கோ."

கதவு திறக்கவில்லை. உள்ளேயிருந்து மாக்கிறேற்றின் குரல்தான் வந்தது. "கதிரையைக் கழுவிட்டினமோ?"

"ஓம்."

"அப்ப வேற ஆரையாவது இருத்துங்கோ."

சங்கத்தின் ஆண்டறிக்கை அச்சாகி வந்தது: முதல் நோயாளி பூரண குணம், தொடர்ந்து வரவேண்டிய தேவை ஏற்படவில்லை. அட்டைப்படத்தில் மாக்கிறேற் இருந்தாள், இடுப்புக்கு மேலே மட்டும்.