ஒன்றரைச் சுற்று

மனைவி அம்சத்தின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் கோவிந்தராசு காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். அந்தப் பழைய வெள்ளை மாருதியைப் பார்த்ததும் மெக்கானிக் மரியஅந்தோணி கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தான்.

கிழட்டுக் கார்களைப் புகைச் சோதனையில் தேற்றிவிடும் வித்தை வலங்கைமானில் எல்லா மெக்கானிக்குக்கும் தெரிந்ததுதான். கார்புரேட்டரின் மிக்சர் திருகை உள்ளே முறுக்கிப் பெட்ரோலைக் குறைத்தால் புகை அடங்கிவிடும். சர்டிபிகேட் கைக்கு வந்ததும் ஒன்றரைச் சுற்று வெளியே திருப்பிவிட வேண்டும்; இல்லாவிட்டால் ஆக்சிலேட்டரை விட்டதும் இன்ஜின் அணைந்துவிடும். போன மாதம் அந்தோணி முதல் பாதியைச் செய்தான். அதற்குள் அவசரமாக ஒரு டிராக்டர் வந்து நிற்க, மறுபாதியை மறந்து சாவியைக் கொடுத்தனுப்பிவிட்டான்.

கோவிந்தராசு ஆடிக்கொரு தரம் அமாவாசைக்கொரு தரம் வண்டி எடுக்கிறவர். அடுத்து எடுத்தது, அம்சத்துக்கு நெஞ்சுவலி வந்த விடியற்காலையில். தஞ்சாவூர் போகும் வழியில் ரயில்வே கேட்டில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் இன்ஜின் அணைந்தது. பேட்டரி தீரும்வரை சாவியைத் திருப்பியிருக்கிறார். வேறு வண்டி பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது அம்சம் இல்லை.

மாதாகோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோது அந்தோணி இதைச் சொல்லிவிட்டான். சாமியார் மன்னிப்பும் கொடுத்தாயிற்று. ஆனால் சாமியாருக்குக் காரும் இல்லை, பெண்டாட்டியும் இல்லை.

"வித்துடலாம்னு இருக்கேன் அந்தோணி. ஓடுற மாதிரி பண்ணிக் கொடுங்க," என்றார் கோவிந்தராசு. "நெடுமாறன் என்கிட்ட பேசுறதில்ல. 'வண்டிய ஸ்டார்ட் பண்ணத் தெரியாம அம்மாவக் கொன்னுட்டியே'ன்னு கேட்டுட்டான். பெத்த புள்ள."

அந்தோணி பானட்டைத் திறந்து, இன்ஜின் அணையாமல் ஆக்சிலேட்டர் கம்பியை விரலால் இழுத்துப் பிடித்தான். விட்டு விட்டுத் திணறிக்கொண்டிருந்த இன்ஜின், திருகு வெளியே வர வர நிதானத்துக்கு வந்தது. ஒன்றரைச் சுற்றில், கம்பியை விட்ட பிறகும் ஒரே சீராக ஓடியது.

கோவிந்தராசு அதைக் கேட்டுக்கொண்டே நின்றார். "ரெண்டு நிமிஷ வேல. வண்டில ஒண்ணுமே இல்ல பாருங்க. அப்ப என் கைதான் சரியில்ல. அவன் கேட்டது நியாயந்தான்."

இனி யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. பழியை அவரே எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். அந்தோணிக்கு அதுதான் தாங்கவில்லை. ஸ்குரூ டிரைவரை மறுபடி வைத்து உள்ளே முறுக்கினான். இன்ஜின் இரண்டு தரம் உதறி அணைந்தது.

"இப்படித்தாண்ணே உங்ககிட்ட கொடுத்தேன். சோதனைக்காகக் கொறச்சது. திருப்பி வைக்க மறந்துட்டேன். உங்க கை மேல ஒரு தப்பும் இல்ல."

கோவிந்தராசு அவனையே பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தான். அடித்தால் தேவலை என்றிருந்தது.

"நல்லா வைங்க," என்றார் கடைசியில். "நீங்களே ஓட்டுங்க. நெடுமாறன் வீட்டுலதான் இருக்கான். இப்ப சொன்னத அவன் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

அந்தோணி சரிசெய்துவிட்டு ஸ்டியரிங் பக்கம் ஏறினான். அன்றைக்கு அம்சம் உட்கார்ந்திருந்த இருக்கையில் கோவிந்தராசு ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.