திரும்பி வந்த தட்டு

பட்டினச்சேரியில் ஒரு நிச்சயத்தை முறிக்க வாய்ப்பேச்சு போதாது. அன்று வாங்கிய தட்டை, நிச்சயப் புடவையும் வெற்றிலை பாக்குமாக மாப்பிள்ளை வீட்டில் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவர்கள் கை நீட்டி வாங்கினால்தான் பெண்ணுக்கு விடுதலை. அதுவரை வேறொரு வீட்டார் வந்து பூ வைக்க முடியாது.

வினோதாவுக்கும் எழிலனுக்கும் மீன்பிடித் தடைக்காலத்தில் தட்டு மாற்றினார்கள். தடை முடிந்து கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. படகின் பலகை ஒன்று ஒதுங்கியது, ஆள் ஒதுங்கவில்லை. தெரு ஒரு மாதம் அழுதது. மறு மாதம், "பொண்ணு ஜாதகத்த ஒழுங்கா பாத்தாங்களாமா?" என்றது. எல்லாம் அதே வாய்தான்.

இரண்டு வருஷம் போயிற்று. இப்போது கிளிஞ்சல்மேட்டில் ஒரு வரன். "தட்டக் குடுத்துட்டுச் சொல்லுங்க, ஆவணி வரைக்கும் பாக்குறோம்" என்றார்கள். அம்மா மலர்க்கொடி இரண்டு தடவை போனாள். எழிலன் வீட்டுக் கதவு திறக்கவில்லை. ஆவணி கடைசி நாள் வினோதாவே தட்டோடு கிளம்பினாள். அன்றைக்குப் பார்த்துத் தெருவில் எல்லோருக்கும் வாசலில் உட்கார்ந்து கீரை ஆயத் தோன்றியது.

அவளுக்குக் கதவு திறந்தது.

"வா மருமவளே," என்றாள் எழிலனின் அம்மா நீலாயதாட்சி. சுவரில் எழிலன் படம், மாலை இல்லாமல். பக்கத்து ஆணியில் தேய்த்த சட்டை.

"வாங்கிக்குங்க அத்தே."

"நா வாங்குனா, எம்புள்ள செத்துட்டான்னு நானே சொன்னதா ஆயிடும்டி."

"நீங்க வாங்கலன்னா எனக்கு வேற வழியே இல்லத்தே. இன்னியோட கெடு."

நீலாயதாட்சி கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். கீழே வைத்துவிட்டு ஓடலாம்தான். கையில் வாங்காத தட்டு கணக்கில் வராது. வினோதா தட்டை நீட்டியபடியே நின்றாள்.

அப்புறம் நீலாயதாட்சி உள்ளே போய் ஒரு முழம் மல்லிகையோடு வந்தாள்; வினோதாவின் தலையில் வைத்தாள். "வெறுந்தலையோட வராத. அவன் வந்தா என்னைத்தான் திட்டுவான்."

வினோதா பூவைப் பிடுங்கவில்லை. கையில் தட்டு இருந்தது.

"என்னடி, வாங்கலியா?" என்றது தெரு. பூவைப் பார்த்ததும் அதுவும் வாயை மூடிக்கொண்டது.

வீட்டில் மலர்க்கொடி பூவைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். கிளிஞ்சல்மேட்டிலிருந்து போன் அடித்து அடித்து ஓய்ந்தது. பீரோ மேல், தூசிக்கு நடுவே தட்டிருந்த வட்டம் அப்படியே இருந்தது. வினோதா அதன்மேல் சரியாக வைத்தாள்.