டி பிரிவு எங்களுடையது

கல்லூரி சாஃப்ட்பால் அணியில் அவளை எல்லோரும் கதவு என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் கேட்சர். மட்டை வீசுபவளுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்துவிட்டால் அவளைத் தாண்டி ஒரு பந்து போகாது. அணித்தலைவியும் அவள்தான். பந்து வீசுகிறவளுக்குப் பெயர் குண்டூசி. பார்க்க ஒன்றுமில்லாதவள் போலிருப்பாள், வீசினால் சுருக்கென்று இருக்கும்.

தேசியப் போட்டிக்கு அவர்கள் தேர்வாவது இதுவே முதல் தடவை. பதினாறு அணிகள், நான்கு பிரிவுகள். ஒவ்வொரு பிரிவிலும் முதலாவதாக வருகிற அணிக்கு மட்டும்தான் அரையிறுதி. எந்த அணி எந்தப் பிரிவில் என்பதைச் சீட்டு எடுத்துத் தீர்மானிப்பார்கள். வந்து சேர்ந்த அன்று மாலையே குலுக்கல் நடந்தது. தலைமை நடுவர் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்க, தலைவிகள் வரிசையாகப் போய்க் கையை விட்டார்கள்.

போன வருடத்துச் சாம்பியன் அணியின் தலைவி நெட்டை, ஏ பிரிவை எடுத்தாள். போட்டியை நடத்துகிற கல்லூரியின் தலைவிக்கும் ஏ வந்தது. அந்தப் பெண்ணின் முகம் அப்போதே வாடிவிட்டது. கதவு எடுத்த சீட்டில் டி என்றிருந்தது. பக்கத்து நாற்காலியிலிருந்த நெட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "எங்ககிட்ட இருந்து தப்பிச்சிட்டே, போ!" என்றாள்.

தங்கியிருந்த வகுப்பறையில் பெஞ்சுகளைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு, பாய்களில் உட்கார்ந்து எல்லோரும் கணக்குப் போட்டார்கள். டி பிரிவில் மற்ற மூன்று அணிகளில் ஒன்றை ஏற்கெனவே பயிற்சி ஆட்டத்தில் தோற்கடித்திருந்தார்கள். இன்னொன்றில் பந்து வீசுகிறவளுக்குத் தோளில் காயம். மூன்றாவது, பெயரே கேள்விப்படாத புது அணி.

"அக்கா, அரையிறுதி உறுதின்னு எங்க அம்மாகிட்ட சொல்லிட்டேன்" என்றாள் குண்டூசி.

"வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியாடி?" என்று அதட்டினாலும், கதவுக்கும் உள்ளுக்குள் அதே எண்ணம்தான்.

காலையில் சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் அட்டவணை ஒட்டியிருந்தது. கதவு தட்டோடு போய் நின்று படித்தாள். ஏ பிரிவில் சாம்பியன்களோடு அவர்கள் கல்லூரியின் பெயர். டி பிரிவில் போட்டி நடத்தும் கல்லூரி. ஏதோ தட்டச்சுப் பிழை என்றுதான் முதலில் நினைத்தாள். மற்ற பதினாலு பெயர்களும் இருந்த இடத்திலேயே இருந்தன. இரண்டு மட்டும் இடம் மாறியிருந்தன.

பயிற்சியாளர் மேடத்தைக் கையோடு இழுத்துக்கொண்டு போட்டிச் செயலாளர் அறைக்குப் போனாள். போட்டி நடத்தும் கல்லூரிக்காரரான அவர் சட்டையில் பெரிய பேட்ஜ் குத்தியிருந்தார். மேசையில் கோப்பைகளை உயர வரிசையில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"நேத்து நாங்க எடுத்தது டி, சார். இன்னைக்கு 'ஏ'ன்னு போட்டிருக்கு."

"அது ஒரு சின்ன நிர்வாக வசதிம்மா. டி பிரிவு ஆட்டமெல்லாம் பெரிய மைதானத்துல. எங்க பொண்ணுங்க அங்க ஆடினாத்தானே கூட்டம் வரும்?"

"அப்ப மைதானத்தை மாத்துங்க சார். பிரிவை எதுக்கு மாத்துனீங்க?"

அவர் ஒரு கோப்பையைத் துடைத்தபடி சிரித்தார். "நல்லா ஆடுறவங்களுக்கு எந்தப் பிரிவா இருந்தா என்னம்மா? பயமா?"

"அப்ப உங்க டீமுக்கும் எந்தப் பிரிவா இருந்தா என்ன சார்?"

சிரிப்பு நின்றது. "மேடம், உங்க பொண்ணைக் கொஞ்சம் அடக்கமா பேசச் சொல்லுங்க" என்றார். மேடம் அவளை அடக்கவில்லை. குலுக்கலுக்குத் தானும் சாட்சி என்று சொன்னார். "யாரு வேணும்னாலும் என்ன வேணும்னாலும் சொல்லலாம். அட்டவணைதான் ஆதாரம்" என்றார் செயலாளர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர் கொஞ்சமாவது வேர்ப்பார் என்று கதவு நினைத்திருந்தாள். அவருக்கு ஒரு சொட்டு வேர்க்கவில்லை.

வெளியே வந்ததும் மேடம் சொன்னார்: "எனக்கும் வயிறு எரியுது. ஆனா ஆடாம திரும்பினா, பயந்து ஓடிட்டாங்கன்னுதான் பேசுவாங்க."

அதுதான் அவளை இன்னும் எரித்தது. கேட்டால் பயந்தாங்கொள்ளி. கேட்காவிட்டால் இளிச்சவாய். மூன்றாவதாக ஒரு வழியை அந்த மனிதர் விட்டுவைக்கவே இல்லை.

டி பிரிவிலிருந்த மற்ற மூன்று தலைவிகளிடமும் போய்க் கேட்டாள். அவர்களுக்கு வலுவான அணி போய் வலுவில்லாத அணி வந்திருந்தது. ஒருத்தி ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டே, "நான் சரியா கவனிக்கலை" என்றாள். மற்ற இருவரும் பயிற்சிக்கு நேரமாயிற்று என்று நகர்ந்துவிட்டார்கள். கடைசியில் நெட்டையிடம் போனாள்.

"தப்பிச்சிட்டேன்னு நீதானே சொன்னே? அதை எல்லார் முன்னாடியும் சொல்லு."

நெட்டை உதட்டைக் கடித்தாள். "நாங்க சாம்பியன். உங்க டீம் எங்க பிரிவுக்கு வேணாம்னு நானே போய்ச் சொன்னா எப்படி இருக்கும்? குண்டூசிக்குப் பயந்துட்டோம்னு ஊரே சிரிக்கும்."

"உன்னையும் அதையே சொல்லித்தான் வாயடைக்கிறாங்க. புரியலையா உனக்கு?"

கதவு திரும்பி நடந்தாள். கோபத்தில் கால் பாதுகாப்புக் கவசத்தின் பட்டையைத் தப்பான கொக்கியில் மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டினாள்.

முதல் ஆட்டமே அவர்களுக்கும் சாம்பியன்களுக்கும்தான். சின்ன மைதானம். சுண்ணாம்புக் கோடுகள் பாதிதான் தெரிந்தன. இரண்டு தலைவிகளும் ஆட்டக்காரர் விவரத் தாளில் கையெழுத்துப் போட்டால்தான் ஆட்டம் தொடங்கும். தலைமை நடுவர் பேனாவை நீட்டினார்.

"நான் போட மாட்டேன்" என்றாள் கதவு. "ஆட மாட்டேன்னு சொல்லலை. எங்களுக்கு விழுந்த பிரிவுல ஆடறேன்."

நடுவர் பேனாவை நெட்டையின் பக்கம் திருப்பினார். நெட்டை அதை வாங்கினாள். தன் பயிற்சியாளரை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தாள்.

"இவ எடுத்தது டி. நான் பக்கத்துல இருந்து பார்த்தேன். இவங்களோட ஆட எங்களுக்குப் பயமில்லை. ஆனா இப்படி வேணாம்."

செய்தி போய்ச் செயலாளர் மூச்சிரைக்க ஓடி வந்தார். "ரெண்டு டீமையும் தூக்கிடுவேன்! மூணு வருஷம் தடை!" என்று கத்தினார். வேலியோரம் நின்ற கூட்டம் நெருங்கியது. சாம்பியன் இல்லாத தேசியப் போட்டியா என்று யாரோ சத்தமாகவே கேட்டார்கள். அவர் குரலைத் தாழ்த்தினார். "சரி, டி எடுத்தான்னு ரெண்டு பொண்ணுங்க சொன்னா ஆச்சா? சின்னப் பசங்க பேச்சை வச்சு அட்டவணையை மாத்த முடியுமா?"

கதவு நடுவரை நேருக்கு நேர் பார்த்தாள். "டப்பாவைப் பிடிச்சிருந்தது நீங்கதானே மேடம்? நீங்க சொல்லுங்க."

நடுவர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். "ஆமா. டிதான் எடுத்தா. சீட்டைப் பிரிச்சு நான்தான் படிச்சேன்."

"இதைக் காலையிலேயே சொல்லியிருக்கலாமே, மேடம்!"

"என்னை யாரும் கேக்கலையேம்மா" என்றார் அவர் மெதுவாக.

கதவுக்கு அழுகை முட்டியது. கேட்டால்தான் உண்மை வெளியே வருமென்றால், கேட்கத் தெரியாதவர்கள் என்ன செய்வார்கள்? அதைச் சொல்ல வாயெடுத்தாள். பயிற்சியாளர் மேடம் அவள் தோளை அழுத்தினார். செயலாளர் யாரையும் பார்க்காமல், "பழையபடியே வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை.

டி பிரிவில் முதல் இரண்டு ஆட்டங்களையும் கதவின் அணி சுலபமாக வென்றது. மூன்றாவது, அந்தப் பெயர் தெரியாத புது அணியோடு. அவர்களும் இரண்டையும் வென்றிருந்தார்கள். குண்டூசியின் பந்தை அந்தப் பெண்கள் அசராமல் அடித்தார்கள். கடைசி இன்னிங்ஸில் ஆட்டம் சமநிலையில் இருந்தபோது, எறிந்து வந்த பந்து கதவின் கையுறையிலிருந்து துள்ளி வெளியே விழுந்தது. அவள் பாய்ந்து எடுப்பதற்குள் மூன்றாவது பேஸ் என்கிற கடைசி நிறுத்தத்தில் இருந்தவள் புழுதியோடு சறுக்கி வந்து அவள் முன்னாலிருந்த தட்டைத் தொட்டுவிட்டாள். ஒரே ஒரு ரன். அரையிறுதி போயிற்று.

போட்டி நடத்தும் கல்லூரியும் ஏ பிரிவில் எல்லா ஆட்டத்திலும் தோற்றிருந்தது.

அவர்கள் பையைக் கட்டிக்கொண்டு வாசலைத் தாண்டும்போது செயலாளர் எதிரே வந்தார். "இதுக்குத்தானா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்றார், பாவம் பார்க்கிற குரலில்.

குண்டூசி தலையைக் குனிந்துகொண்டாள். கதவு குனியவில்லை.

"ஆமா சார், இதுக்குத்தான். பந்தைக் கோட்டை விட்டது நான். அதனால தோத்தோம். உங்களால தோத்திருந்தா அதை என்னால செரிச்சுக்கவே முடிஞ்சிருக்காது."

அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அவள் காத்திருக்கவில்லை. பேருந்தில் ஏறியதும் குண்டூசி பொறுக்க மாட்டாமல், "அக்கா, அந்தப் பந்தை எப்படிக்கா விட்டீங்க? கதவுன்னு பேரு வேற!" என்றாள். "நீ போட்ட பந்தை அவ அப்படி அடிச்சதுக்கு முதல்ல பதில் சொல்லுடி" என்று கதவு ஆரம்பித்தாள். இரண்டாவது பேஸில் நிற்கிறவளும் உள்ளே புகுந்தாள். சண்டை பின் இருக்கை வரை போயிற்று. மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார்.