அட்டை வைக்காமல் ஏறியவர்கள்

ப்ரெண்டா ஹோல்ராய்டுக்குக் கோபம் வந்தால் காது சிவக்கும். அன்று ஹார்ஸ்டன் நகரசபைக் கூடத்துக்குள் நுழையும்போதே இரண்டு காதும் சிவந்துதான் இருந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரிலிருந்து மலைமேல் இருக்கும் மேட்டுவெளிக்குப் போய்வருகிற நாற்பத்தேழாம் எண் பேருந்தை அக்டோபரோடு நிறுத்தப் போகிறார்களாம். ஏற ஆளில்லையாம். ஆளில்லை என்று எழுதிய மகராசன் ஒரு ஞாயிறாவது அதில் ஏறிப் பார்த்திருப்பானா என்று வழிநெடுக ஜெரால்டிடம் கேட்டுக்கொண்டே வந்தாள். ஜெரால்ட் அவளுடைய நடைக்குழுவில் வரைபடம் பார்த்து வழி சொல்கிறவர். எழுபத்தைந்து வயதுவரை யாரோடும் சண்டை போடாமல் காலம் தள்ளிவிட்டவர். அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

ப்ரெண்டாவுக்கு விழித்திரை கெட்டு மூன்று வருடமாகிறது. பார்வையின் நடுவில் ஒரு மங்கல். எழுத்து தெரியாது, முகம் தெரியாது. மருத்துவர் சொன்ன மறுநாளே கார் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். ஆனால் மேட்டுவெளியில் அவளுக்குப் பார்க்க நிறைய இருந்தது. ஹெதர் புதர் ஊதா நிறத்தில் அடிவானம்வரை ஏறிப் போவதும், மேக நிழல் மலைச்சரிவில் ஓடுவதும் பெரிய விஷயங்கள், அவை தெரிந்தன. திங்கள் முதல் சனிவரை வீட்டுச் சுவருக்குள் பொறுத்துக்கொண்டு கிடப்பதே அந்த ஒரு நாளுக்காகத்தான். அங்கே கொண்டுபோய்விட அந்தப் பேருந்தை விட்டால் வேறு வழியில்லை. அது நின்றால் அவளுக்கு மேடும் இல்லை.

குழுவில் இருபத்திரண்டு பேர். எல்லாருக்கும் அறுபத்தாறைத் தாண்டிய வயது, எல்லார் கையிலும் அரசாங்கம் கொடுத்த இலவசப் பயண அட்டை. ஒரு நிறுத்தத்தில் இறங்கி, கரிச்சேற்றையும், வேலிகளில் ஏறி இறங்க வைத்திருக்கும் படிகளையும் தாண்டி, எட்டு மைல் நடந்து வேறொரு நிறுத்தத்துக்கு வந்து சேர்வார்கள். கடைசிப் பேருந்து நாலு நாற்பதுக்கு. நாலே காலுக்கு ஜெரால்ட் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினால் செயற்கை முட்டிக்காரர்கள்கூட ஓட்டமும் நடையுமாகச் சரிவில் இறங்குவார்கள். பேருந்தின் தரை அழுக்காகிவிடக் கூடாதென்று சேற்றுப் பூட்ஸ் மேல் கடைப் பைகளை மாட்டிக்கொண்டுதான் ஏறுவார்கள். அப்பேர்ப்பட்ட மரியாதைக்காரர்கள்.

அன்று குழு முழுவதும் கூடத்துக்கு வந்திருந்தது. கூட்டத்தில் போக்குவரத்து அதிகாரி எழுந்தான். முப்பது வயதிருக்கும். ஞாயிறு சேவையில் ஒரு நடைக்குச் சராசரி மூன்று பயணிகள் என்று திரையில் காட்டிப் படித்தான்.

“பொய்” என்றாள் ப்ரெண்டா.

ஹார்ஸ்டன் கூட்டங்களில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. ‘எனக்குச் சற்று வியப்பாக இருக்கிறது’ என்பதுதான் அங்கே உச்சபட்சக் கெட்ட வார்த்தை. கூடத்தில் நாற்காலிகள் நகர்ந்தன.

“நாங்க மட்டும் இருபத்திரண்டு பேரு. வாராவாரம். மழையா இருந்தாலும் பனியா இருந்தாலும். உக்கார இடமில்லாம நின்னுக்கிட்டு வர்றோம். மூணு பேராம், மூணு பேரு.”

அதிகாரி கோபப்படவில்லை. அதுவே அவளுக்கு எரிச்சலாக இருந்தது. “ஏறும்போது டிரைவர் பக்கத்துல இருக்கிற மெஷின்ல அட்டையை வச்சா, அது ஆளை எண்ணிக்கும்மா. வைக்கலைன்னா, எங்களைப் பொறுத்தவரைக்கும் அவங்க ஏறவே இல்ல” என்றான்.

குழுவினர் இருபத்தொரு பேரும் ஒரே நேரத்தில் குனிந்து தங்கள் பூட்ஸைப் பார்த்தார்கள். ப்ரெண்டாவுக்கும் அப்போதுதான் உறைத்தது.

அவர்கள் ஏறும் நிறுத்தம் தேவாலயத்துக்குக் கீழே ஒரு குறுகல் சந்தில் இருக்கிறது. பேருந்து நின்றால் பின்னால் கார்கள் நிற்க வேண்டியதுதான். இருபத்திரண்டு கிழங்களும் கையுறையைக் கழற்றி, மழைச்சட்டையைத் திறந்து, உள்பையைத் துழாவி, அட்டையை எடுத்து வைப்பதற்குள் ஏழெட்டு நிமிடம் ஓடிவிடும். ஐந்து வருடத்துக்கு முன் ஒரு காரோட்டி பின்னாலிருந்து ஹாரன் அடித்துவிட்டான். ஒரே ஒரு முறைதான். அந்த அவமானத்தைப் பற்றி ஒரு மாதம் பேசினார்கள். அதன் பிறகுதான் ப்ரெண்டா ஒரு வழி கண்டுபிடித்தாள். வரிசையின் முதல் ஆளாக நின்று தன் அட்டையை உயர்த்திக் காட்டி, பின்னால் வருகிற எல்லாரிடமும் இருக்கிறது என்று சொல்வாள். டெரக் சக்டன், அவர்களுடைய ஓட்டுநர், ஏறுங்க ஏறுங்க என்று கையை ஆட்டிவிடுவார். ஒன்றரை நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். திரும்பி வரும்போதும் அதே ஏற்பாடுதான். அதில் அவர்களுக்கு ஏகப் பெருமை வேறு.

யாரோ ஒரு காரோட்டியின் ஏழு நிமிடத்தைக் காப்பாற்றப் போய்த் தங்கள் பேருந்துக்குத் தாங்களே கொள்ளி வைத்திருக்கிறார்கள். அது தன்னுடைய யோசனை என்று ப்ரெண்டாவுக்கு நன்றாகத் தெரியும். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வெளியே வந்தது வேறு.

“எங்க டிரைவர் எங்களை அட்டை வைக்கவே விடுறதில்ல. அதுக்கு நாங்க என்ன பண்ண முடியும்? டெரக் சக்டனைக் கூப்பிட்டுக் கேளுங்க.”

அதிகாரி பெயரை இன்னொரு முறை சொல்லச் சொன்னான். அவள் இன்னும் சத்தமாகச் சொன்னாள். அவன் எழுதிக்கொண்டான்.

இரண்டு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. ஜெரால்ட் படித்துக் காட்டினார். கருவியில் பதியாத பயணிகளைக் கணக்கில் எடுத்துக்கொள்ள விதியில்லை, முடிவில் மாற்றமில்லை, ஓட்டுநர் மீதான புகார் தனியாகப் பேருந்துக் கம்பெனிக்கு அனுப்பப்பட்டுவிட்டது. டெரக்கை வண்டியிலிருந்து இறக்கிவிட்டு விசாரணை வைத்திருக்கிறார்கள் என்பதும், அவருக்கு ஓய்வுபெற இன்னும் பதினான்கு மாதம்தான் என்பதும் கடிதத்தில் இல்லை. அதெல்லாம் ரொட்டிக்கடையில் தெரிந்தது.

ப்ரெண்டா எல்லார் மீதும் கொதித்தாள். அதிகாரி மேல், கம்பெனி மேல், என்றோ ஹாரன் அடித்த அந்தக் காரோட்டி மேல். நீங்களாவது எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று ஜெரால்டையும் பிடித்துக் காய்ச்சினாள். அவர் மேசைமேலிருந்த கடிதத்தை மடித்துக் கொடுத்துவிட்டுத் தேநீர் ஆறிவிட்டதென்றார்.

பேருந்து ஓடுகிற கடைசி ஞாயிற்றுக்கிழமை புது ஓட்டுநர் வந்திருந்தான். இருபத்திரண்டு பேரையும் வரிசையாக நிறுத்தி அட்டையை வைக்கச் சொன்னான். எட்டு நிமிடம் ஆனது. இனி எண்ணி என்ன, எண்ணாமல் என்ன. ப்ரெண்டா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஒவ்வொருவரும் அவளைக் கடக்கும்போது அழகாக வணக்கம் சொன்னார்கள். சொல்லிவிட்டுப் பின்னால் போனார்கள். அவளுக்குப் பக்கத்து இருக்கை மட்டும் காலியாகக் கிடந்தது. ஆறேழு பேர் நின்றுகொண்டு வந்தார்கள்.

அடுத்த நிறுத்தத்தில் ஒரு ஆள் காசு கொடுத்துச் சீட்டு வாங்கி நேராக வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். முகம் மங்கலாக இருந்தது.

“காத்து வடக்கே திரும்பிருச்சு. மேல மழை இருக்கும்போல” என்றார். குரல் டெரக்குடையது. பத்தொன்பது வருடம் ஆட்களை ஏற்றி இறக்கினாரே தவிர ஒரு நாளும் மேட்டில் நடந்ததில்லை என்றும், இன்றைக்கு விட்டால் பிறகு எங்கே என்றும் சொன்னார். புது பூட்ஸ் கடிக்கிறது என்றார். அவள் கண்ணைப் பற்றி விசாரித்தார்.

ப்ரெண்டாவுக்குத் தாங்கவில்லை.

“டெரக், என்னைத் திட்டுங்க.”

“எதுக்கும்மா?”

“எதுக்குன்னு உங்களுக்குத் தெரியாதா? உங்க பொழப்ப நாந்தான் கெடுத்தேன். நீங்க என்னடான்னா மழையப் பத்திப் பேசுறீங்க. அவங்க என்னடான்னா வணக்கம் சொல்லிட்டுப் போறாங்க. யாராச்சும் வாயத் தொறந்து திட்டித் தொலைங்களேன். இப்படி மரியாதை பாத்துப் பாத்துத்தானே பஸ்ஸையே குழிதோண்டிப் புதைச்சோம்?”

பின்னால் பேச்சு நின்றது. டெரக் குனிந்து புது பூட்ஸின் கயிற்றைத் தளர்த்தினார். பிறகு தாழ்ந்த குரலில், மழையைப் பற்றிப் பேசிய அதே தொனியில் சொன்னார்.

“கோபம் இருக்கும்மா. நீங்க சொன்னது ஒண்ணும் பொய் இல்ல, அட்டை வைக்கச் சொல்ல வேண்டியது என் வேலைதான். ஆனா கூட்டம்னு ஒண்ணு நடக்குதுன்னு என்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொன்னீங்களா? சொல்லியிருந்தா நானே வந்திருப்பேன். வாராவாரம் இருபத்திரண்டு பேரை ஏத்தினது நான்தான், எண்ணாம விட்டதும் நான்தான்னு எல்லார் முன்னாடியும் சொல்லியிருப்பேன். நான் சொன்னா அது சாட்சி. நீங்க சொன்னதால அது வெறும் புகாராப் போச்சு.”

அந்த ஊரில் காலை மிதித்தவரும் மிதிபட்டவரும் ஒன்றுசேர மன்னிப்புக் கேட்பார்கள். மன்னிச்சிடுங்க என்பது ஒரு நாளைக்கு இருபது முறையாவது ப்ரெண்டாவே சொல்கிற வார்த்தை. அன்று எவ்வளவு முயன்றும் அவள் வாயில் வரவில்லை. பேருந்து மேட்டில் போய் நின்றது. டெரக் எழுந்து, அவள் இறங்குவதற்கு வழிவிட்டு நின்றார்.