‘ண’கரத்தில் முளைத்த மரம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். காட்டு மரங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். ‘கலப்பு மரம்’ என்று தட்டப்போய் ‘கலப்பு மணம்’ என்று விழுந்தது. அழிக்க மனம் வரவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காவது எனக்குப் புதிதல்ல.

2

அவள் ஜன்னலோரம் நின்று மழையை

(வேண்டாம். திசு வளர்ப்பு அறைக்கு ஜன்னலே கிடையாது.)

அவள் அந்த அறையின் பொறுப்பாளர். அவள் கணவன் கிளை கிளையாக ஏறி, ஒரு காட்டு மரத்தின் மகரந்தத்தை இன்னொரு காட்டு மரத்தின் பூவில் சேர்த்தவன். அப்படிப் பிறந்த ஒரே கலப்பு மரம் புயலில் சாய்ந்தது. அதன் விதையைப் போட்டால் பிள்ளைகள் தாத்தா பாட்டி சாயலுக்குப் போய்விடும். மறுபடி சேர்த்தாலும் அதே மரம் பிறக்காது. அதனால் அதன் மொட்டுகளைக் கிள்ளிப் புட்டிகளில் வளர்த்தாள். ஒன்றுதான் மிஞ்சியது. இன்று அதிலும் ஓரத்தில் வெள்ளை நூலாகப் பூசணம்.

3

முந்தைய வரைவில் கணவனை மரத்திலிருந்து தள்ளிப் படுக்கையில் போட்டிருந்தேன். வாசகரை அழவைக்கும் மலிவான வேலை; அடித்துவிட்டேன். இப்போது அவன் அவள் பக்கத்தில் நிற்கிறான், கைகால் சுகத்தோடு, கோபத்தோடு.

“நுனி சுத்தமாத்தானே இருக்கு? அதை மட்டும் கிள்ளி எடுத்துடு.”

“தெறந்தா பூசணம் பறக்கும். இங்க இருக்கிற மத்தவங்க புட்டியெல்லாம் என்ன ஆகும்?”

பூசணம் பிடித்த புட்டியை மூடியோடு ஆட்டோகிளேவில் வைத்து அவித்துவிட வேண்டும் என்பது சட்டம். (அறையில் எல்லாரும் அதைக் குக்கர் என்பார்கள்.) சட்டம் எழுதியவளே அவள்தான்.

“ஒண்ணு கெட்டா எல்லாம் கெட்டுடும்,” என்றான் அவன். “நம்ம கல்யாணத்தப்போ உங்க வீட்டுல சொன்னதும் இதேதான். இவனை உள்ள விட்டா மத்த பொண்ணுங்களுக்கும் வரன் வராதுன்னு.”

அவளுக்கு முகம் செத்துப்போயிற்று. இந்த வசனத்தை அவன் வாயில் வைத்தவன் நான். இவ்வளவு வலிக்கும் என்று நினைக்கவில்லை.

“அவங்க சொன்னது பொய்,” என்றாள் கடைசியில். “இது பொய்யில்லப்பா.”

“தெரியும்,” என்றான். அழுதான்.

4

முடிவு அ: அவள் திறக்கிறாள். நுனி பிழைக்கிறது, மற்றவர்களின் புட்டிகளில்

முடிவு ஆ: குக்கர் மூடியை இருவருமாக

எதையும் முடிக்க எனக்குத் தெம்பில்லை. அவள் கையில் புட்டியோடு நிற்கிறாள். நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்று கேட்கிறேன்: எப்படி முடித்தாலும், அந்த இருவரையும் ஒன்றாக வீட்டுக்கு அனுப்பிவையுங்கள்.