தண்ணீர்த் தொட்டியில் கட்டிய காற்றாடி

கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸின் மூன்றாம் பிளாக் மொட்டைமாடியில், 2018 விஸ்வகர்மா பூஜையன்று மதியம் மூன்றரை மணிக்கு ரோஹிணி ஏற்றிய காற்றாடி அதற்குப் பிறகு இறங்கவே இல்லை. பாதி சிவப்பு, பாதி வெள்ளை, விலை எட்டு ரூபாய். அன்று காற்றாடி விட கல்கத்தா முழுக்க மாடியில்தான் நிற்கும். ரயில்வே ஆபீஸில் பியூனாக இருந்த அவள் அப்பா வேலாயுதம் நூல் உருளையைப் பிடித்துக்கொள்வார், சண்டை போடுவது மகள். எட்டாம் வகுப்பிலிருந்து இதுதான் ஏற்பாடு. ஐந்து காற்றாடிகளை அறுத்து ஆறாவதை நெருங்கியபோது கைடு போன் செய்தார். அவள் பிஎச்.டி. சேர்ந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. "ஒரு மெயில் அனுப்பணும்ப்பா, பத்து நிமிஷத்துல வந்துட்றேன்" என்று நூலைத் தண்ணீர்த் தொட்டிக் குழாயில் கட்டிவிட்டு இறங்கினாள். அந்த மெயிலுக்குப் பதில் வந்தது. பதில் ஒரு அட்டவணை கேட்டது. அட்டவணைக்கு மறுநாள் காலை ஹூக்ளி ஆற்றுச் சேற்றில் ஈயம் எவ்வளவு என்று மறுபடி அளக்க வேண்டியிருந்தது.

காற்றாடி நின்றது. காற்றே இல்லாத மே மாதத்திலும் நின்றது. 2020 புயல் எதிர் பிளாக் வங்காளி மாமா மோண்டல் காகுவின் தகரக் கூரையைப் பிடுங்கிக்கொண்டு போனது, இதை விட்டுவிட்டது. அறுக்க வந்த பக்கத்துத் தெருக் காற்றாடிகள் அந்த நூலில் பட்டதும் தாமே அறுந்தன. மின்வாரிய ஆள் வந்து பார்த்து, கம்பியில் படவில்லை, எனக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்தார். வேலாயுதம் தினம் ஆபீஸ் விட்டு வந்து, டீயைக் குடித்துவிட்டு மாடியேறி, இருட்டும்வரை அந்த நூலில் ஒரு கை வைத்துக்கொண்டு நின்றார். கேட்டவர்களிடம், பொண்ணு வர்ற வரைக்கும் யாராவது பிடிச்சிக்கணும் இல்ல என்றார்.

அந்த வீட்டில் அவளுக்கு முன் பத்தாவது தாண்டியவர்கள் யாருமில்லை. "இன்னும் எத்தனை கிளாஸுடி பாக்கி?" என்று அம்மா தமயந்தி கேட்டாள். கிளாஸெல்லாம் இல்லை என்றாள் ரோஹிணி. "கிளாஸே இல்லாமயா தினம் பஸ் புடிச்சிப் போயிட்டு வர்ற?" இதைக் கைடுக்கே விளக்கத் தெரிந்திருக்காது. லேபில் புரொபசர் வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவன் ஐந்து மணிக்கு நீச்சலுக்குப் போனால் ஆல்ரவுண்டர் என்றார்கள், பியூன் மகள் ஐந்து மணிக்குப் பையை எடுத்தால் அக்கறை போதாது என்றார்கள். ஆகவே அவள் எட்டு மணிக்கு எடுத்தாள். படிப்பையும் பொழுதுபோக்கையும் சமன் செய்வது எப்படி என்று டிபார்ட்மென்ட் ஒரு பயிற்சி வகுப்பு நடத்தியது. சனிக்கிழமை, காலை பத்து முதல் மாலை ஐந்து வரை, வராவிட்டால் ஸ்டைபண்டில் பிடித்தம். ஆற்றோரமாகப் போகும் காலை பஸ்ஸில் நின்றுகொண்டே பார்த்தாலும் காற்றாடி தெரியும். அவள் போனைப் பார்த்துக்கொண்டு போனாள்.

நான்காம் வருடம் விஸ்வகர்மா பூஜையன்று வேலாயுதம் காற்றாடியைப் படமெடுத்து அனுப்பினார். "வரியாம்மா? உன்னுது நல்லா நிக்குது." அவள் அத்தியாயம் திருத்திக்கொண்டிருந்தாள். "உங்களுக்கு இதெல்லாம் புரியாதுப்பா" என்று பதில் போட்டாள். அனுப்பியதும் அழிக்க நினைத்தாள், அதற்குள் இரண்டு நீலக் கோடு விழுந்துவிட்டது. அதன் பிறகு அவர் கூப்பிடவில்லை. மாடிக்கு மட்டும் போனார். அந்த ஒரு வரிக்குப் பதில், அவள் எழுதிய இருநூற்றுப் பத்து பக்கத்தையும் அவளால் அழிக்க முடிந்திருந்தால் அழித்திருப்பாள்.

2024 ஆகஸ்டில் வேலாயுதம் ஓய்வு பெற்றார். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய டிசம்பர்வரை அவகாசம், பிறகு அரக்கோணத்தில் தமயந்தியின் அண்ணன் வீட்டு மாடிப் போர்ஷன். கடைசி விஸ்வகர்மா பூஜைக்குக் கட்டாயம் மாடிக்கு வருவதாக ரோஹிணி சொல்லியிருந்தாள். அதே நாளில்தான் கைடு வாய்மொழித் தேர்வை வைத்தார். அவள் டாக்டர் ரோஹிணி ஆனாள், சமோசா வாங்கிக் கொடுத்தாள், வீடு வரும்போது மாடியிலிருந்த எல்லோரும் இறங்கிவிட்டிருந்தார்கள்.

டிசம்பர் முப்பதாம் தேதி காலை மூட்டை கட்டிய பிறகு அவளே மாடியேறினாள். அப்பா நூலை அவள் கையில் கொடுத்தார். இழுத்தாள். வரவில்லை. நூலின் போக்கு விரலுக்குப் பிடிபடவில்லை, ஐந்து காற்றாடிகளை அறுத்த விரல்.

"ஏம்ப்பா நீங்களே இறக்கி வெச்சிருக்கக் கூடாதா?"

"உன் காத்தாடிய நான் எப்படி இறக்குறது?" என்றார் வேலாயுதம். "விடு, ட்ரெயினுக்கு நேரமாச்சு."

அவள் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தபோது ஓவர்சீயர் படியேறி வந்துவிட்டார். ஒப்படைப்புப் படிவத்தை இங்கிலீஷில் நிரப்ப வீட்டில் அவள் ஒருத்திதான். மின்விசிறி இரண்டு, டியூப்லைட் மூன்று, உடைந்த ஜன்னல் ஒன்று. ஓவர்சீயர் மேலே பார்த்து, அதையும் போடுங்க தீதி, பின்னால எங்கே போச்சுன்னு கேப்பாங்க என்றார். காற்றாடி ஒன்று, பறக்கும் நிலையில், என்று எழுதினாள். வேலாயுதம் கையெழுத்துப் போட்டார்.

ரோஹிணி இப்போது நியூ டவுனில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கம்பெனியில் இருக்கிறாள், ஆறு மணிக்கு வேலை முடிந்துவிடுகிறது. அரக்கோணத்துக்குத் தினம் போன் செய்கிறாள், சாப்பிட்டீங்களா என்று கேட்கிறாள், சாப்பிட்டேன் என்கிறார் அப்பா. குவார்ட்டர்ஸுக்குப் புதிதாக வந்த பீகார்க்காரர் சமையலறை ஒழுகுமா என்று மட்டும் விசாரித்தாராம். அவர் மனைவி துணி காயப்போடும்போது நூலைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டுக்கொள்கிறாள் என்று மோண்டல் காகு சொன்னார்.