கெளக்கு

நால்வர் சேர்ந்து அப்பாவைக் கட்டிலிலிருந்து தூக்கியபோது, தலையணைக்கடியில் இருந்த போன் வாயைத் திறந்தது.

"வணக்கம் ஐயா! பயிற்சி நேரம். சொல்லுங்கள்: கிழக்கு."

தூக்கியவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். போனுக்கு இங்கிதம் என்ன தெரியும்?

"கேட்கவில்லை. மீண்டும் சொல்லுங்கள்: கிழக்கு."

மகள் பாய்ந்து அதை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள். எப்படி நிறுத்துவதென்று தெரியவில்லை. அப்பா உயிரோடு இருந்தவரை அதை யாரையும் தொட விட்டதில்லை. மறுபடியும் அது கேட்டபோது எரிச்சலில், "கிழக்கு!" என்றாள்.

"மிக நன்று, ஐயா!" திரையில் பச்சை எரிந்தது.

அப்பாவுக்கு நாக்கில் புற்றுநோய் வந்து, ஒரு பகுதியை வெட்டியெடுத்து, நோயும் ஒழிந்திருந்தது. பேச்சைத் திரும்பக் கொண்டுவர ஆஸ்பத்திரியில் இந்தச் செயலியைப் போட்டுக் கொடுத்தார்கள். சொல் சரியாக வந்தால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. பேச்சுப் பயிற்சியாளர் அங்கிருந்தே அந்த நிறங்களைப் பார்ப்பார். மற்ற எழுத்துகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ழ மட்டும் சிவப்பிலேயே நின்றது.

அது நோய் கொண்டுபோன எழுத்தே இல்லை. அப்பாவிடம் அது என்றைக்குமே இருந்ததில்லை. பஸ் கண்டக்டராக இருந்த காலமெல்லாம் கிழக்கே போகிறவர்களை "கெளக்கு ஏறு, கெளக்கு ஏறு" என்று கத்திக் கிண்டல் வாங்கியவர். மகளைச் செல்லமாகக் கூப்பிடுவதும் "கெளவி"தான்.

"இது உங்களுக்குப் பொறந்ததிலேர்ந்தே வராதுன்னு சொல்லிடவாப்பா? விட்டுடுவாங்க" என்று அவள் ஒருமுறை கேட்டாள்.

"சும்மா இரு கெளவி. என் நாக்கு ஒரு காலத்துல நல்லா இருந்துச்சுன்னு அந்தம்மா நம்பிட்டிருக்கு, கெடுக்காத. பச்சை வாங்காம விட மாட்டேன்."

நேற்றும் சிவப்பு வாங்கி, போனைக் கண்டபடி திட்டிவிட்டுத்தான் படுத்தார். தூக்கத்திலேயே நெஞ்சு நின்றுவிட்டது.

போன் அடித்தது. பயிற்சியாளர்.

"ஐயா, ழ வந்துடுச்சே! இப்பதான் பார்த்தேன்!"

"மேடம், நான் அவர் பொண்ணு. காலையில அப்பா தவறிட்டார். மாரடைப்பு."

பயிற்சியாளர் தயங்கித் தயங்கி, "அப்போ... இந்தப் பச்சை?"

நான்தான் என்று சொன்னால் அதை எடுத்துவிடுவார்கள். அப்பாவின் பெயருக்கு நேரே சிவப்புதான் நிற்கும். செத்த மனிதருக்கு எந்த நிறமாக இருந்தால் என்ன? ஆனாலும் அவளுக்கு மனசு வரவில்லை.

"அது காலையில எழுந்ததும் சொன்னது மேடம். இங்க நெட் ரொம்ப மந்தம். இப்பதான் வந்து சேர்ந்திருக்கும்."

"ஜெயிச்சுட்டுத்தான் போயிருக்கார்மா" என்றார் பயிற்சியாளர். அவர் குரல் உடைந்திருந்தது.

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். சமையலறை வாசற்படியில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருப்பாள் போல.

"என்ன சொன்னாராம் உங்கப்பா?"

"கிழக்கு."

"அவரா?"

"அவரேதான்."

அம்மாவின் உதடு துடித்தது. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்தி, சுவர்ப்பக்கம் திரும்பிக் குலுங்கினாள். முதுகை மட்டும் பார்த்த அத்தை ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு, ஓவென்று அழ ஆரம்பித்தாள்.